பரங்கிக் காம்பு

சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரில், திருவேட்களம் கோயிலுக்குப் பின்னால் உள்ள தெருவொன்றில், ஒரு வீட்டுக் கொல்லையின் எருக்குழி ஓரம் தானாக முளைத்த கொடி அது. யாரும் விதை ஊன்றவில்லை. ஆவணி மழையில் தலைகாட்டி, கார்த்திகையில் பூத்து, தை பிறப்பதற்குள் வேலியைத் தாண்டிப் பக்கத்து வீட்டு முருங்கையில் ஏறிவிட்டது. அதில் தொங்கிய காயைத்தான் தெருவே வந்து பார்த்தது. கழுத்து நீண்டு அடி பருத்திருந்ததால் தூரத்திலிருந்து பார்த்தவர்கள் சுரைக்காய் என்றே நினைத்தார்கள். கிட்டே போனால் கரும்பச்சைத் தோல். அதன்மேல் வெளிர்மஞ்சள் தீற்றல். வெயில் பட்ட பக்கம் மட்டும் காவி ஏறத் தொடங்கியிருந்தது.

"ஆடிக்கு வாங்குன காயோட விதைய அலசிக் கொட்டுனதுதாங்க சார். அது நல்ல உருண்டைக் காய். இது எப்படி இப்படி வந்துச்சுன்னே தெரியல" என்றார் வீட்டுக்கார அம்மா.

எதிர்வீட்டு ஆயாவுக்குச் சந்தேகமே இல்லை. "அந்த மூலைல சுரை படர்ந்திருந்துதுல்ல, அதோட கலந்துபோச்சு." மாடியில் குடியிருக்கும் வேளாண்மை மாணவர் ஒரே சொல்லில் முடித்தார்: "பட்டர்நட் ஆன்ட்டி." காய்கறி வண்டிக்காரர் கையில் வாங்கித் தூக்கிப் பார்த்து, இது நம்ம பக்கத்துக் காயே இல்லை, பெங்களூர் சரக்கு என்றார். ஒருவர் கைபேசியைக் காயின்மேல் காட்டினார். முன்பக்கம் காட்டியபோது ஒரு பெயரும் பக்கவாட்டில் காட்டியபோது வேறொரு பெயரும் வந்தன.

இத்தனை பேரும், அந்தக் கைபேசி உட்பட, பார்த்தது இரண்டே சங்கதிகளைத்தான். ஒன்று வடிவம், இன்னொன்று நிறம். பரங்கி விஷயத்தில் இந்த இரண்டையும்விட நம்பத்தகாத சாட்சிகள் கிடையாது.

முதலில் ஆயாவின் கூற்றை எடுத்துக்கொள்கிறேன். ஊர்ப்புறத்தில் பரவலாக நம்பப்படுவது அதுதான். சுரையும் பரங்கியும் ஒரே வேலியில் படர்ந்தால் கலந்துவிடும் என்பார்கள். கலக்காது. இரண்டும் ஒரே குடும்பம் என்றாலும் பேரினம் வேறு. சுரையின் உயிரணுவில் 22 குரோமோசோம், பரங்கியில் 40. அதற்கும் முன்னால், இரண்டும் பூக்கும் நேரமே ஒத்துவராது. சுரைப்பூ வெள்ளை, பொழுது சாயும்போது விரிந்து இரவில் வரும் பூச்சிகளை அழைப்பது. பரங்கிப்பூ மஞ்சள், விடியலில் விரிந்து உச்சிவெயிலுக்கு முன் சுருண்டுவிடும். கல்யாணப் பூசணியையும் நாம் பரங்கியோடு சேர்த்துப் பூசணி என்றே சொல்கிறோம். திருஷ்டிக்கு உடைப்பதும் அல்வாவாகக் கிளறுவதும் அந்த வெண்பூசணிதான். அதுவும் வேறு பேரினம், 24 குரோமோசோம். அதன் பூவும் மஞ்சள்தான் என்றாலும் இதழ்கள் அடிவரை பிரிந்து தட்டையாக விரியும். பரங்கிப்பூவின் இதழ்கள் அடியில் ஒட்டி மணி வடிவில் நிற்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து பரங்கி இங்கே வந்து சேர்வதற்கு முன்பே வெண்பூசணி நம் மண்ணில் இருந்தது. சோற்றில் மறைக்க முடியாத அந்த முழுப் பூசணிக்காய் எந்தப் பூசணி என்று பழமொழிக்காரர்கள்தான் சொல்ல வேண்டும்.

பரங்கி எங்கே பிறந்தது என்பதில் இன்று தகராறு இல்லை. மெக்சிகோவின் வஹாகா பள்ளத்தாக்கில் கிலா நகிட்ஸ் என்றொரு குகை இருக்கிறது. அங்கே கிடைத்த விதைகளைப் புரூஸ் ஸ்மித் என்ற தொல்லியலாளர் மறுபடி ஆராய்ந்து, மனிதர் வளர்த்த பரங்கி இனம் ஒன்று அங்கே சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது என்று 1997-இல் எழுதினார். அமெரிக்காவில் மக்காச்சோளத்துக்கும் மூத்த பயிர் அது. கொலம்பஸ் 1492-இல் கரையேறிய பிறகு பரங்கி ஐரோப்பாவுக்குப் போன வேகம் ஆச்சரியமானது. பிரான்சின் அரசி ஆன் என்பவருக்காக 1503-க்கும் 1508-க்கும் இடையில் வரையப்பட்ட ஒரு பிரார்த்தனைப் புத்தகத்தின் ஓரத்திலேயே பரங்கிக்கொடி ஒன்று படர்ந்திருக்கிறது. ரோமில் ஃபார்னெசினா மாளிகையின் கூரை ஓவியத் தோரணங்களில் 1515-18 வாக்கில் வரைந்த காய்களை இன்றும் பார்க்கலாம். தாவர வரலாற்றாசிரியர்கள் ஜூல்ஸ் ஜானிக்கும் ஹாரி பாரிஸும் அந்த ஓவியங்களில் உள்ள சுரை, பூசணி, வெள்ளரி வகைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அடையாளம் சொல்லி 2006-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஓவியன் அவ்வளவு நுணுக்கமாக வரைந்திருந்ததால்தான் அது முடிந்தது.

நம் கரைக்கு அதைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர் என்பதைக் காயின் பெயரே சொல்லிவிடுகிறது. அண்ணாமலை நகரிலிருந்து கிழக்கே, வெள்ளாறு கடலில் சேரும் இடத்தில் இருக்கும் பரங்கிப்பேட்டைக்கும் அதே பெயர்தான். இன்று அங்கே அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் இருக்கிறது. கொங்கில் இதே காய் அரசாணி, சென்னையில் மஞ்சள் பூசணி. பெயர்களை இத்தோடு விடுகிறேன். அவற்றைப் பிடித்துக்கொண்டு போனால் ஒரு தனிப் புத்தகமே எழுதலாம். காய் எது என்று மட்டும் தெரியாது.

குக்குர்பிட்டா என்பது பரங்கியின் பேரினம். மனிதர் வளர்ப்பில் உள்ளவை அதில் ஐந்து இனங்கள். மூன்றைத் தெரிந்துகொண்டால் நமக்குப் போதும். நம் ஊர்ப் பரங்கி ஏறக்குறைய எல்லாமே மொஸ்காட்டா என்ற இனம். சூடும் ஈரமும் தாங்குவது. மாக்சிமா குளிர் விரும்பி. மேலைநாடுகளில் போட்டிக்கு வைக்கும் ராட்சதக் காய்கள் அதைச் சேர்ந்தவை. 2023-இல் அமெரிக்காவில் பரிசு வாங்கிய ஒரு காய் 1,246 கிலோவுக்கு மேல். மூன்றாவது பெப்போ. சூப்பர் மார்க்கெட்டில் வெள்ளரிக்காய் மாதிரி அடுக்கிவைக்கும் சுக்கினியும், அமெரிக்கர்கள் குடைந்து விளக்கேற்றும் ஆரஞ்சுக் காயும், முட்டை அளவேயான அழகுக் காய்களும் எல்லாம் இந்த ஒரே இனம். சுக்கினியையும் விளக்குப் பரங்கியையும் அருகருகே வைத்தால் அண்ணன் தம்பி என்று யாரும் சொல்லமாட்டார்கள். அதே சமயம் உருண்டையான மாக்சிமாவையும் உருண்டையான மொஸ்காட்டாவையும் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் என்பார்கள். அவை இரண்டும் தம்முள் எளிதில் கலக்கக்கூட மாட்டாதவை.

இந்தக் குழப்பத்தில் 1856-இல் ஒழுங்கு கொண்டுவந்தவர் சார்ல் நோதன் என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர். அவருக்கு முன்பே துஷேன் என்பவர் 18-ஆம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கில் காய்களை வரைந்து, மாக்சிமா, மொஸ்காட்டா என்று பெயரும் வைத்துவிட்டுப் போயிருந்தார். நோதன் பல நாடுகளிலிருந்து விதை வரவழைத்துத் தோட்டத்தில் ஊன்றினார். பூவைக் கட்டிவைத்துத் தானே மகரந்தம் தொட்டு, எது எதோடு கருத்தரிக்கிறது, எது மறுக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தார். கிடைத்த முடிவு கிட்டத்தட்ட ஒரு நையாண்டி. காயைத் தவிர மற்ற எல்லாம் உண்மை பேசுகிறது. ஒரே இனத்துக்குள்ளேயே ஒரு காய் இன்னொரு காயைவிடக் கொள்ளளவில் இரண்டாயிரம் மடங்குக்கும் மேல் பெரிதாக இருப்பதை அவர் கண்டார். ஆனால் காம்பின் அமைப்பும் விதையின் விளிம்பும் இனத்துக்கு இனம் தப்பாமல் நின்றன.

நோதனின் வேலையை டார்வின் கூர்ந்து படித்தார். வளர்ப்பில் விலங்கும் தாவரமும் எப்படி மாறுகின்றன என்பது பற்றி 1868-இல் வெளியிட்ட பெரிய நூலில் பரங்கிக்குப் பல பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறார். அவர் சொன்ன விளக்கம் எளிமையானது. நான் படித்தவரையில் அதைவிடச் சரியானது வேறில்லை. மனிதன் எந்த உறுப்புக்காக ஒரு பயிரை வளர்க்கிறானோ அந்த உறுப்பில்தான் வேறுபாடு பெருகும். மற்ற உறுப்புகள் இருந்தபடியே இருக்கும். மாந்தோப்புக்குள் போங்கள். ருமானியையும் மல்கோவாவையும் பழத்தை வைத்துக் குழந்தையும் பிரித்துவிடும். காய் இல்லாத காலத்தில் இலையை மட்டும் காட்டிக் கேட்டால் தோட்டக்காரரே ஒரு கணம் யோசிப்பார். ரோஜாவில் பூ மாறுகிறது, முட்டைக்கோஸில் இலை மாறுகிறது, பரங்கியில் காய் மாறுகிறது. கொடியில் எத்தனையோ வந்திருக்கும். கண்ணுக்குப் பிடித்த வடிவத்தின் விதையை எடுத்துவைத்தோம், பிடிக்காததை மாட்டுக்குப் போட்டோம். பத்தாயிரம் ஆண்டாக இதையே செய்தோம். அதனால் பரங்கிக்காயின் வடிவத்தில் தெரிவது அதன் குலம் அல்ல, நம்முடைய ரசனை. அங்குமிங்கும் பரவிய பல குடிகளின் ரசனை பல இடங்களில் ஒன்றுபோலவே இருந்திருக்கிறது. அதனால்தான் மூன்று வெவ்வேறு இனங்களிலும் உருண்டைக் காய், சட்டித் தட்டைக் காய், வரிக் காய் எல்லாம் தனித்தனியே தோன்றின.

காம்பை யாரும் ரசிக்கவில்லை. ஆகவே அது தப்பித்தது.

எருக்குழிக் கொடிக்கு வருகிறேன். அந்தக் காயின் காம்பு கெட்டியாக, ஐந்து மூலையோடு, தொட்டால் வழவழப்பாக இருந்தது. காயைத் தொடும் இடத்தில் பாதம் வைத்ததுபோல் அகன்று விரிந்திருந்தது. இந்த விரிந்த பாதம் மொஸ்காட்டாவின் கையெழுத்து. பெப்போ என்றால் காம்பு கட்டையாக, ஆழமான வரிப்பள்ளங்களோடு, கூரான விளிம்போடு இருக்கும். இப்படிப் பாதம் விரியாது. மாக்சிமா என்றால் காம்பு உருண்டையாக, பருத்து, முற்றும்போது நகம் இறங்கும் அளவுக்குத் தக்கையாகிவிடும். இலையையும் பார்த்தோம். தொடுவதற்கு மெத்தென்று, நரம்புகள் பிரியும் இடங்களில் வெள்ளைத் திட்டுகளோடு இருந்தது. இந்தத் திட்டுகளைச் சாம்பல் நோய் என்று நினைத்துப் பலரும் மருந்து அடித்துவிடுகிறார்கள். விரலால் தேய்த்தால் போவது நோய். போகாதது இனத்தின் இயல்பு. பெப்போவின் இலை ஆழமாகப் பிளந்து, தண்டெல்லாம் முள்முள்ளாகக் கையைக் கீறும். மாக்சிமாவின் இலை பெரிது, ஏறக்குறைய வட்டம். பின்னால் காயை அரிந்தபோது விதையும் அதையே சொன்னது. மங்கிய பழுப்பு வெள்ளை, விளிம்பு மட்டும் சற்று அடர்ந்த நிறத்தில், மெல்லிய அலைவோடு.

ஆக, இனம் தெரிந்துவிட்டது. மாணவர் சொன்ன பட்டர்நட்டும் மொஸ்காட்டாதான். அந்தத் தம்பி குலத்தைச் சரியாகத்தான் பிடித்தார். அதற்காக இந்தக் காய் பட்டர்நட் ஆகிவிடாது. அது தனிக் கதை, பிறகு சொல்கிறேன். நிறத்தைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். நிறம் முதலில் சொல்வது வயதை. மொஸ்காட்டாக் காய் பிஞ்சில் பச்சை, தீற்றல், புள்ளி என்று இருந்து, முற்றும்போது பச்சையம் கரைந்து காவியாகிறது. மேலே சாம்பல் பூக்கிறது. டெல்டா அடுக்களையில் பச்சைப் பிஞ்சுக்குப் பரங்கிக்கொட்டை என்று தனிப் பெயரும் பால்கூட்டு, புளிக்கூட்டு என்று தனிச் சமையலும் உண்டு. திருவாதிரைக் களிக்கு வைக்கும் ஏழுகறிக் குழம்பில் விழுவது சிவக்கப் பழுத்த கீற்று. ஒரே கொடியின் ஒரே காய், மாதம் மாறினால் இரண்டு காய்கறி. பாதி பழுத்த காயைப் படம் எடுத்து இது என்ன ரகம் என்று கேட்பவருக்கு, இன்னும் ஒரு மாதம் பொறுங்கள் என்பதைத் தவிர வேறு பதில் கிடையாது.

காம்பைப் பார்க்கிற பழக்கம் நமக்குப் புதிதும் அல்ல. சிதம்பரத்தைச் சுற்றி மார்கழிக் கோலத்தில் சாணி உருண்டை பிடித்துப் பரங்கிப்பூ வைப்பார்கள். கொடியில் விடியற்காலை பூப்பறிக்கப் போகும் பெண்பிள்ளைகள் பூவின் நிறத்தைப் பார்த்துப் பறிப்பதில்லை. ஆண்பூவும் பெண்பூவும் ஒரே மஞ்சள். கையைப் பூவுக்குக் கீழே விடுவார்கள். நீண்ட மெல்லிய காம்பு தட்டுப்பட்டால் ஆண்பூ, கிள்ளலாம். கோலிக்குண்டு அளவு பிஞ்சு தட்டுப்பட்டால் பெண்பூ, கையை எடுத்துவிட வேண்டும். எந்தத் தாவரவியல் வகுப்பும் இல்லாமல் பாட்டி பேத்திக்குச் சொல்லிக்கொடுத்தது இது. ஒரு காய்கூடக் குறையாமல் மாதம் முழுக்க வாசலில் பூ வைக்க முடிந்தது இதனால்தான். காயை அடையாளம் காணும்போது மட்டும் ஏன் நம் கண் தோலோடு நின்றுவிடுகிறது?

சந்தைக்கு அதில் பங்கு உண்டு. கடைக்கு வரும் காயில் காம்பு குட்டையாக வெட்டப்பட்டிருக்கும். கீற்றுப் போட்டு விற்கும்போது அதுவும் கழிந்துவிடும். இலை வயலிலேயே தங்கிவிட்டது. விதையைக் கடைக்காரரே வழித்துக் குப்பைக் கூடையில் போட்டுவிடுகிறார். உண்மை பேசக்கூடிய மூன்று சாட்சிகளும் வழியிலேயே காணாமல்போன பிறகு நம் கைக்கு வருவது தோலும் சதையும்தான். ஆனாலும் காய்கறிக்காரர்களைக் குறைத்து மதிப்பிட எனக்கு மனமில்லை. நகத்தால் தோலைக் கீறி முற்றலைச் சொல்வார்கள், தட்டிப் பார்த்து உள்ளே கூடு விட்டிருப்பதைச் சொல்வார்கள், கையில் தூக்கியே நீர்க்காயா சதைக்காயா என்று சொல்வார்கள். அவர்களுக்குத் தேவையான அறிவு அது; கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து சிதம்பரம் கீழவீதி வரை அந்த அறிவு பிழையில்லாமல் இருக்கிறது. இது நாட்டுக்காய், இது ஹைபிரிட் என்று அவர்கள் பிரிக்கும்போதுதான் நான் சற்றுத் தயங்குவேன். பெரும்பாலும் அழுக்காக, கோணலாக இருந்தால் நாட்டுக்காய். ஒரே அளவில் அடுக்கினால் ஹைபிரிட். மறுபடியும் வடிவம்தான்.

உருண்டைக் காயின் விதையில் கழுத்து நீண்ட காய் எப்படி வந்தது என்ற அந்த அம்மாவின் கேள்வி இன்னும் இருக்கிறது. இங்கே ஒரு பிழையான நம்பிக்கையை அகற்ற வேண்டும். பக்கத்துக் கொடியின் மகரந்தம் பட்டால் இந்த வருடக் காயே உருமாறிவிடும் என்று தோட்டம் போடுகிறவர்கள்கூட நினைக்கிறார்கள். காயின் தோலும் சதையும் முழுக்கத் தாய்க்கொடியின் உடம்பு. மகரந்தம் தந்தது உள்ளே விதையின் கருவில் மட்டும்தான் இருக்கிறது. கருவுற்றவள் கட்டிய சேலையில் பிள்ளையின் முகம் தெரியாது. அந்த விதையை ஊன்றி, முளைத்து, காய்த்தால்தான் தகப்பன் யார் என்று தெரியவரும். ஆடியில் வாங்கிய காய் உருண்டையாக இருந்ததற்கு அதன் தாய் காரணம். தேனீ அன்று காலை எந்தக் கொடியிலிருந்து வந்தது என்பதை எருக்குழி சொல்லியிருக்கிறது. பரங்கியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, காற்றில் பறக்காது. தேனீயைத்தான் நம்பியிருக்கிறது. தேனீ ரகம் பார்ப்பதில்லை. வாங்கிய காய் கம்பெனி ஹைபிரிட்டாக இருந்திருந்தால் வேறு ரகத்தின் மகரந்தம்கூடத் தேவையில்லை. இரண்டு பெற்றோரின் குணமும் அடுத்த தலைமுறையில் தானாகவே பிரிந்து, ஒரே காயின் விதைகளில் உருண்டையும் நீளமும் தட்டையும் வந்துசேரும்.

ஆகவே எருக்குழிக் காய்க்கு ரகப் பெயர் கிடையாது. இதைச் சொன்னபோது அந்த அம்மாவின் முகம் கொஞ்சம் வாடியது. பெயர் கண்டுபிடிக்க முடியாமல் கைவிரிப்பதாக நினைத்தாரோ என்னவோ. விஷயம் வேறு. ரகம் என்பது ஒரு காய்க்கு உள்ள குணமல்ல. ஊன்றினால் திரும்பவும் அப்படியே வரவேண்டும். பத்துக் கொடியில் பத்தும் ஏறக்குறைய ஒன்றுபோல் காய்க்க வேண்டும். அடுத்த பட்டத்திலும் அப்படியே. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ 1 ஏழெட்டுக் கிலோ காய், கோ 2 ஒன்றரை, இரண்டு கிலோ சிறுகாய் என்று சொல்ல முடிவது இப்படித்தான். பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்க்கா சந்தன் வெளிர்ப்பழுப்புத் தோலுள்ள மொஸ்காட்டா. அதே நிறுவனத்தின் அர்க்கா சூர்யமுகி வெள்ளைக் கோடுகள் ஓடிய ஆரஞ்சுச் சிறுகாய், அது மாக்சிமா. இந்தப் பெயர்கள் எல்லாம் காயின் பெயர்கள் அல்ல, விதை வழியின் பெயர்கள். பட்டர்நட் என்பதும் அப்படி ஒரு வழியின் பெயர். எருக்குழியில் வந்தது தோற்றத்தில் அதற்கு ஒப்பாக இருக்கலாம். வழி வேறு.

2001-ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இதையே சட்ட மொழியில் கேட்கிறது. தனித்தன்மை, ஒருசீர்மை, நிலைத்தன்மை என்று மூன்று சோதனைகள். நம் சட்டத்தின் பெருமை, உழவர் தலைமுறைகளாகக் காத்துவரும் ரகத்தையும் அவர் பெயரில் பதிவு செய்ய இடம் தந்தது; அதற்கு அவரிடம் கட்டணமும் வாங்குவதில்லை. வளர்ந்த நாடுகளின் சட்டங்கள் பலவற்றில் இது இல்லை. கடலூர் மாவட்டத்தில் ஏதோ ஒரு ஊரில், ஏதோ ஒரு குடும்பத்தில், பாட்டன் காலத்திலிருந்து ஒரே மாதிரி காய்க்கும் பரங்கி இருந்தால் அதற்குப் பெயரும் உரிமையும் கிடைக்க வழி இருக்கிறது. இருக்கிறதா என்று தேடுவது யார் என்பதுதான் கேள்வி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் புலம் இருக்கிறது, தோட்டக்கலைத் துறை இருக்கிறது, படிப்பு முடிக்க ஆய்வுத் தலைப்புத் தேடும் மாணவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். விமான டிக்கெட் எடுத்துத் தேட வேண்டிய காரியமல்ல. பிச்சாவரம் போகும் நகரப் பேருந்தில் ஏறினாலே ஆரம்பித்துவிடலாம்.

கூரை வீடுகள் இருந்தவரை பரங்கிக்கு இந்தப் பக்கம் ஒரு நிரந்தர இடம் இருந்தது. மண்சுவர் ஓரம் ஊன்றிக் கூரையில் ஏற்றிவிடுவார்கள். நல்ல காய் ஒன்றை விதைக்கென்று கூரையிலேயே விட்டு முற்ற வைப்பார்கள். விதையைச் சாம்பலில் புரட்டி அடுப்பங்கரைப் பரணில் வைப்பார்கள். 2011 டிசம்பர் 30 விடியலில் தானே புயல் கடலூர்க் கரையைத் தாக்கியபோது கூரைகள் போயின. அதன்பின் தளம் போட்ட வீடுகள் வந்தன. வந்தது நல்லதுதான், ஓலைக்கூரையின் ஒழுக்கலில் படுத்தவர்கள் யாரும் அதைத் திரும்பக் கேட்கமாட்டார்கள். தளத்துக்குப் பரங்கிக்கொடியை ஏற்ற யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவே. பரணோடு விதைச்சட்டியும் போயிற்று. இப்போது விதை பாக்கெட்டில் வருகிறது. ஒவ்வொரு பட்டத்துக்கும் புதிதாக வாங்க வேண்டிய பாக்கெட்.

பெயர் தெரியாத காயைச் சாப்பிடலாமா என்ற கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தத் தெருவில் முதலில் கேட்கப்பட்டது அதுதான். 2015-இல் ஜெர்மனியின் ஹைடன்ஹைம் ஊரில் வீட்டுத் தோட்டத்தில் விளைந்த கசப்புச் சுக்கினியைச் சமைத்துச் சாப்பிட்ட முதியவர் ஒருவர் இறந்தார். அழகுக் காய்களோடு கலந்த பெப்போ விதைகளில் குக்குர்பிட்டாசின் என்ற கசப்பு நஞ்சு திரும்பி வருவதுண்டு. 2010-இல் டெல்லியில் கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்த ஒருவர் இறந்ததை அடுத்து, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு அமைத்தது. நம் பக்கம் அழகுக் காய் பயிரிடும் வழக்கம் இல்லாததாலும், மொஸ்காட்டாவில் இந்தக் கசப்பு அரிது என்பதாலும் பயப்பட வேண்டியதில்லை. ஆனாலும் தானாக முளைத்த எந்தக் காயானாலும் சமைக்கும் முன் ஒரு துண்டைப் பச்சையாக நாக்கில் வைத்துப் பார்ப்பது நல்லது. கசந்தால் துப்பிவிட்டு, காயைக் குழிதோண்டிப் புதைத்துவிட வேண்டும். வேகவைத்தால் கசப்பு போகாது. திருவேட்களத்துக் காய் கசக்கவில்லை. புளிக்குழம்பில் நன்றாகவே இருந்தது, கொஞ்சம் நீர்ப்பதம்.

வாசகர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. உங்கள் ஊரில், உறவில், வழிவழியாக ஊன்றிவரும் பரங்கி ஏதாவது இருந்தால், அதன் படத்தை மட்டும் அனுப்பிப் பெயர் கேட்காதீர்கள். காம்பு முழுதாகத் தெரிய ஒரு படம், இலைக்கு ஒன்று, விதையைக் கழுவி உலர்த்தி ஒன்று. இவற்றோடு விதை யாரிடமிருந்து வந்தது என்ற ஒரு வரி. அடுத்த பட்டத்தில் அது மாறாமல் வரவேண்டுமென்றால், மறுநாள் விரியப்போகும் பெண்பூ மொட்டு ஒன்றையும் ஆண்பூ மொட்டு ஒன்றையும் அந்தியிலேயே நூலால் கட்டிவிடுங்கள். விடிந்ததும் தேனீ வருவதற்கு முன், ஆண்பூவின் இதழைக் கிள்ளியெறிந்துவிட்டு அதன் மகரந்தத்தைப் பெண்பூவின் சூலகமுடியில் தொட்டு, மீண்டும் கட்டுங்கள். பிஞ்சு நின்றால் காம்பில் ஒரு துணிநாடா சுற்றி அடையாளம் வையுங்கள். அந்தக் காயை மட்டும் விதைக்கு விடுங்கள். விதை உறையின்மேல் ஊர், கொடுத்தவர், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள். ரகத்தின் பெயர் தெரியாவிட்டால் அந்த இடத்தைக் காலியாகவே விடுங்கள். ஊகித்து எழுத வேண்டாம்.